கை பொருந்தும் கதவு

“சித்தி, இந்தப் பள்ளத்துக்குள்ள இருந்தவங்க எங்க போனாங்க?”

வக்கீல் இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பால்பல்கூட விழ ஆரம்பிக்கவில்லை. பட்டறையில் மண்பெட்டி திறந்து கிடந்தது. ஈர மண்ணில் ஒரு கைப்பிடியின் வடிவம் குழிந்து, உலோகத்துக்காகக் காத்திருந்தது. யாரோ குடியிருந்துவிட்டு வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டதைப் போல, குழந்தை அந்தக் குழியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கவலைப்பட்டது.

சித்தி அப்போதுதான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்திருந்தாள். “வெளியில போயிருக்காங்க, இப்ப வந்துடுவாங்க” என்று சமாளித்து வைத்தாள்.

குழந்தை சமாதானமாகிவிட்டது. கேள்விதான் சித்தியைப் பிடித்துக்கொண்டது. ஒரு பொருளைச் செய்ய வேண்டுமென்றால் முதலில் அது இல்லாத இடத்தைச் செய்ய வேண்டும்! இதை நினைத்து நினைத்து அவள் சோறு ஆறவிட்ட நாட்கள் உண்டு.

இந்த வீட்டுக்குள் இதற்கு முன் எட்டிப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. வீட்டின் பின்பக்கம் ஒரு சின்ன அலுமினிய வார்ப்புப் பட்டறை. உலை மூத்தவருடையது. மண்ணில் அச்சுப் பிடித்துக் கொடுப்பவள் அவர் மனைவி, பெரியவள். அவர்கள் மகள்தான் வக்கீல். பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் எவரையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடுவதில்லை என்பதால் வந்த பட்டம் அது. மூத்தவரின் தம்பி லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருப்பதைவிடச் சாலையில் இருப்பதே அதிகம். அவன் மனைவிதான் வக்கீலின் சித்தி, நம் சின்னவள். முன்னறையில் ஒரு லேசர் மெஷினை வைத்துக்கொண்டு ரப்பர் ஸ்டாம்பும் பெயர்ப்பலகையும் செய்து வந்தாள்.

மரத்தில் மாதிரி செதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்த தச்சர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மாதிரி இல்லாமல் மண்ணில் எதைப் பதிப்பது? உலை அணைந்து கிடந்த நாட்களில்தான் சின்னவள், “நான் மெஷின்ல செதுக்கித் தரேன் மாமா” என்று முன்வந்தாள்.

மூத்தவர் போன வாரம் தம் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“முதியோர் இல்லத்து வேலையை இதுலதான் செஞ்சு பாரு. நல்லா வந்தா மெஷின் இருக்கட்டும். மெஷின் தப்பு பண்ணுச்சுன்னா, போட்டோ ஃபிரேம் கடைக்காரர் ரெண்டு தடவை விலைக்குக் கேட்டுட்டார், வண்டி அனுப்பச் சொல்லிடுவேன். உலைக்குக் காத்து ஊதப் புது பிளோயராவது வரும்.”

லாரிக்காரன் போனில், “அண்ணன் சொன்னா சரிதான்” என்றான். அவனுக்கு எல்லாமே சரிதான்.

அந்த முதியோர் இல்லம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைக் கதவுகள். கண் மங்கியவர்களும் நினைவு தடுமாறியவர்களும் அடுத்தவர் அறைக்குள் போய் நின்று, அங்கே தங்கள் கட்டில் இல்லையே என்று அழுதார்கள். ஒவ்வொரு கதவிலும் கைக்குத் தட்டுப்படுகிற ஒரு வடிவம் வைத்தால் என்ன என்று பொறுப்பாளர் அம்மாவுக்குத் தோன்றியது. எந்த வடிவம் என்பதை அந்தந்த அறைக்காரரே சொல்ல வேண்டும். முதலில் மாதிரிக்கு நான்கு தகடு. ஒருவர் சூரியன் கேட்டார். டீக்கடை வைத்திருந்த அம்மா கெட்டில் கேட்டாள். ஒருவர் மீன் கேட்டார்.

நாலாவது ஆள் படகுக்காரர். வாலிபத்தில் படகில் கயிறு சுற்றிக்கொண்டு வலது கையை மணிக்கட்டோடு இழந்தவர். இப்போது பார்வையும் போய்க்கொண்டிருந்தது.

“மீனெல்லாம் நான் நிறையப் பாத்தாச்சு” என்றார். “என் கையையே வச்சுடு பொண்ணே. பள்ளமா வை. நான் வந்து வச்சா பொருந்தணும். வேற எவன் வச்சாலும் பொருந்தக் கூடாது.”

சின்னவள் தாளை விரித்தாள். அவர் இடது கையை அதன்மேல் வைத்தார். அவள் விரல் விரலாகப் பென்சிலால் கோடு இழுத்தாள்.

“இன்னொண்ணைத் தேடாதே” என்று சிரித்தார். “அது மீனுக்குப் போட்டாச்சு.”

இன்று அந்தத் தகடுகளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய நாள். மற்ற மூன்றும் வார்த்து அரம் போட்டுத் தயாராக இருந்தன. கை மட்டும்தான் பாக்கி.

விடிந்ததிலிருந்து முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீல ஒளிப்புள்ளி பலகையின் குறுக்கே போவதும் வருவதுமாக இருந்தது. போன இடமெல்லாம் மரம் கருகிக் கருகிக் குழிந்தது. சின்னவள் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, குழந்தை தூங்குவதைப் பார்க்கிற தாய் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஒளிக்கு ஒரு குணம் உண்டு. படத்தில் கறுப்பாக இருக்கிற இடத்தை ஆழமாகத் தோண்டும். வெள்ளையைத் தொடாது. சாம்பல் நிறத்துக்குச் சாம்பல் அளவுதான் தோண்டும். இதை அவள் கண்டுபிடித்ததற்குப் பெரியவளின் வாய்தான் காரணம். முதல் தடவை குழியின் சுவர்கள் செங்குத்தாக நின்றன. மாதிரியை மண்ணிலிருந்து எடுத்தபோது ஓரமெல்லாம் பிய்ந்துகொண்டு வந்தது.

“உன் மெஷினுக்கு வெறைப்பா நிக்க மட்டுந்தான் தெரியுமா?” என்றாள் பெரியவள். “கொஞ்சம் சாஞ்சு நிக்கச் சொல்லேன். மண்ணுகிட்ட யாரும் வெறைப்பா நிக்க முடியாதுடி.”

அன்று இரவெல்லாம் யோசித்து, ஓரங்களுக்குச் சாம்பல் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கவிட்டுப் பூசிப் பார்த்தாள். சுவர் சரிந்தது. மண் பிய்யவில்லை. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் மெஷினிடமே சொன்னாள்.

பலகையை பிரஷ்ஷால் தேய்த்துக் கரியைத் துடைத்து, மெழுகு பூசிப் பட்டறைக்கு எடுத்துப் போனபோது பெரியவள் மண்பெட்டியோடு காத்திருந்தாள்.

“இது கையா, கரண்டியா? விரலெல்லாம் இப்படிப் பருத்துக் கெடக்கு.”

“கயிறு இழுத்த கை, அக்கா. அப்படித்தான் இருக்கும்.”

“உன் புகையால என் துணியெல்லாம் கருவாட்டு வாசனை. அதுக்கும் ஒரு மெஷின் வச்சிருக்கியா?”

சொல்லிக்கொண்டே, மண் ஒட்டாமலிருக்கப் பலகையின்மேல் பவுடர் தூவினாள். மண்ணைப் போட்டு, முதலில் விரல்களால், பிறகு முஷ்டியால், பிறகு கட்டையால் இடித்தாள். பெட்டியைத் திருப்பி, பலகையை இரண்டு தட்டுத் தட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு நேராகத் தூக்கினாள். ஒரு பொருக்குகூட உதிரவில்லை. “ம்” என்றாள். அவளிடமிருந்து அதற்குமேல் எதிர்பார்ப்பது பேராசை.

வக்கீல் எட்டிப் பார்த்தாள். “சித்தி, மரத்துல பள்ளமா இருந்த கை மண்ணுல மேடா இருக்கு.”

“ஆமா.”

“அலுமினியத்துல மறுபடியும் பள்ளமாயிடுமா?”

“ஆயிடும். மரத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே வரும்.”

“அப்ப மண்ணுக்கு மட்டும் ஏன் எல்லாம் தலைகீழா இருக்கு?”

“யுவர் ஆனர், உலை காயுது. தள்ளி நில்லுங்க” என்றார் மூத்தவர்.

உருகிய அலுமினியத்தின் மேல் படிந்த கசடை ஒதுக்கினார். அந்த நேரத்தில் பெரியவள் எப்போதும் ஒரு கணம் கண்ணை மூடுவாள். வேண்டுதல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஊற்றுகிறவர் கையும் காலும் பத்திரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் தாரை அறாமல் ஊற்றினார். ஊற்றுவாயில் வெள்ளி விளிம்பு கட்டியது.

பெட்டியை உடைத்து, தகட்டைத் தண்ணீரில் முக்கி, தேய்த்துத் துடைத்தபோது எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பளபளவென்று ஒரு கை. பருத்த விரல் மூட்டுகூட விளங்கியது. மூத்தவர் அந்தக் குழிக்குள் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார்.

“பரவாயில்லை” என்றார்.

அந்த வீட்டில் ‘பரவாயில்லை’ என்பது பொன்னாடை மாதிரி.

தகடுகளைத் துணியில் சுற்றிக்கொண்டு சின்னவளும் பெரியவளும் புறப்பட்டார்கள். விடுமுறை நாள் என்பதால் வக்கீலும் ஒட்டிக்கொண்டாள்.

பொறுப்பாளர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினார். “இது சூரியன். இது... மீன். அட, செதில்கூட இருக்கு!” டீக்கடை அம்மா தன் கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, “மூக்கு நல்லா நீளமா இருக்கு, சிந்தாது” என்று சான்றிதழ் கொடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

படகுக்காரரை நாற்காலியோடு நகர்த்திக்கொண்டு வந்தார்கள். மேசையில் தகட்டை நிமிர்த்திப் பிடித்தாள் சின்னவள். அவர் இடது கையை மெல்ல நீட்டி, குழியைத் தேடி வைத்தார்.

பொருந்தவில்லை.

எடுத்து மறுபடியும் வைத்தார். அவருடைய கட்டைவிரல், சுண்டுவிரல் இருக்க வேண்டிய பள்ளத்தின் மேல் போய் முட்டிக்கொண்டு நின்றது. கட்டைவிரலுக்கான பள்ளமோ மறுபுறத்தில் ஆளில்லாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

சின்னவளுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. ரப்பர் ஸ்டாம்புக்கு எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாற்றித்தான் செதுக்க வேண்டும். தாளில் பதிக்கும்போதுதான் அது நேராகும். வருஷக்கணக்காக ஸ்டாம்பு செய்த கை. கம்ப்யூட்டரில் படக்கோப்பைத் திறந்ததும் ‘திருப்பு’ பொத்தானை அழுத்துவது அவளுக்கு இமை மூடுகிற மாதிரி. மண்வார்ப்பில் அது வேண்டியதில்லை. மரத்தில் இருப்பதுதான் உலோகத்திலும் வரும். சூரியனுக்கு இடம் வலம் இல்லை, தப்பித்தது. கெட்டில் மூக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. மீன் எதிர்த்திசையில் நீந்தியது. மீனுக்கென்ன, எந்தப் பக்கமும் தண்ணீர்தான். ஆனால் கை? ஒற்றைக் கையோடு இருக்கிற மனிதருக்கு அவள் வலது கையைச் செய்து கொண்டுவந்திருந்தாள்.

படகுக்காரர் விரலால் குழியைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. முகம் மாறியது.

“இது போன கை” என்றார் மெதுவாக. “அளவுகூட அதேதான். எங்கிருந்தும்மா எடுத்துட்டு வந்தே?”

“ஐயா, தப்பு நடந்துபோச்சு...” என்றாள் சின்னவள்.

அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. எதையோ யோசித்தார். இடது கையை மல்லாத்தி, புறங்கையைக் குழிக்குள் வைத்தார். பொருந்திவிட்டது. ஐந்து விரலும் அதனதன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டன. உள்ளங்கை எல்லாரையும் பார்த்து விரிந்திருந்தது.

“பாத்தியா? தள்ளித் திறக்கணும்னா பொருந்தல. ஏந்திக் கேக்கணும்னா பொருந்துது!” என்று பொக்கைவாயைத் திறந்து சிரித்தார்.

பொறுப்பாளர் அம்மாவால் சிரிக்க முடியவில்லை. கெட்டவர் அல்ல, நடைபாதையில் வழி தெரியாமல் நிற்கிறவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறவர் அவர்தான்.

“இவருக்குப் பெரிய மனசு. ஆனா இதைக் கதவுல மாட்டினா, இவர் எதை வச்சுத் தன் ரூமைக் கண்டுபிடிப்பார்? எல்லாக் கதவுக்கும் உங்ககிட்டயே குடுக்கலாம்னு இருந்தேன். மெஷின் செதுக்குறது, பிசகாதுன்னு நினைச்சேன். மெஷினே இப்படின்னா...”

சின்னவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்திலிருந்து பெரியவளின் குரல் வந்தது.

“மெஷின் மேல குத்தமில்லைங்க. அது சரியாத்தான் செதுக்குச்சு. மண்ணுல பதிக்கும்போது நான்தான் மாத்திப் போட்டுட்டேன்.”

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். பெரியவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. காய்கறி விலை சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, மண்ணுல எப்படி...” என்று வக்கீல் எழுந்தாள்.

பெரியவள் அவள் கையைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். வழக்கு ஒத்திவைக்கப்பட்டது.

“இன்னைக்கே வேற ஊத்திக் கொண்டுவரோம். சாயங்காலம் பாருங்க. பொருந்தலைன்னா நீங்க வேற இடம் பாத்துக்கங்க” என்றாள் பெரியவள்.

பொறுப்பாளர் அம்மா படகுக்காரரைப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

தெருவில் வக்கீல் முன்னால் ஓடிய பிறகு சின்னவள், “அக்கா, அது என் தப்பு. நான்தான் பொத்தானை...” என்றாள்.

“தெரியும்.”

“அப்ப ஏன்க்கா?”

“ஏனாம். வீட்டுல ஒரு வக்கீல் போதாதா?” பெரியவள் துணிப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. “நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல எதுக்கெடுத்தாலும் நான்தான் முன்னால நிக்கணும். ‘நான்தான் பண்ணேன்’னு சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்ல. அவ்வளவுதான். வேகமா நட, உலை ஆறிடப் போகுது.”

பொய் நல்லதல்ல என்று நமக்கு எல்லாரும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அடுத்தவர் தலைக்கு வந்த இடியைத் தன் தலையில் வாங்கிக்கொள்வதற்காகச் சொன்ன பொய்யைக் கடவுள் கேட்டால், கேட்காத மாதிரி ஒரு நொடி வேறு பக்கம் திரும்பிக்கொள்வார் என்றுதான் தோன்றுகிறது.

வீட்டில் விசாரணை பட்டறை வாசலிலேயே நடந்தது.

“என்ன ஆச்சு?” என்றார் மூத்தவர்.

“மூணும் நல்லா இருக்குன்னாங்க. கைதான் வலது கையாப் போச்சு. மண்ணுல நான் மாத்திப் போட்டுட்டேன்” என்றாள் பெரியவள்.

மூத்தவர் நிமிர்ந்தார். மண்ணோடு பிறந்து மண்ணோடு வளர்ந்த மனிதர். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும், தலைகீழாக வைத்தாலும், இடது கை மண்ணில் வலது கையாகாது என்பது அவருக்குத் தெரியாதா? மனைவியைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் தலைகுனிந்து நின்ற தம்பி மனைவியைப் பார்த்தார்.

ஒத்திவைத்த வழக்கை வக்கீல் சரியாக அங்கேதான் எடுத்தாள்.

“அப்பா, மாதிரியில இடது கையா இருந்தா, மண்ணுல அதை வலது கையா மாத்த முடியுமா?”

உலை மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு ‘முடியாது’ போதும். மெஷின் நாளைக்கு இந்த வீட்டில் இருக்காது.

மூத்தவர் குனிந்து ஒரு கரித்துண்டை எடுத்து ஒதுக்கினார்.

“உங்க அம்மா கைக்கு எல்லாமே முடியும்” என்றார். “கல்யாணத்துக்கு முன்னால நான் எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தேன், இப்ப எந்தப் பக்கம் பாக்குறேன்! என்னையே திருப்பிப் போட்டவ.”

பெரியவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அடுத்த தடவை பாத்துப் போடு” என்றார், முகத்தைத் திருப்பாமலே. யாரிடம் சொன்னார் என்பது சொல்லப்படவில்லை.

சின்னவள் முன்னறைக்கு ஓடினாள். கோப்பைத் திறந்தாள். விரல் தன்னால் அந்தப் பொத்தானுக்குப் போனது. பாம்பைத் தொட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள். “வக்கீல், இங்க வா. பென்சில் கோடு போட்ட தாளைத் திரைக்குப் பக்கத்துல பிடி. தாள்ல கட்டைவிரல் எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

“திரையில?”

“வலது பக்கம்.”

“சத்தமா சொல்லு. நான் கேட்டாலும் கேக்காட்டாலும் சொல்லிக்கிட்டே இரு.”

மெஷின் ஓடி முடிக்கும்வரை ‘வலது பக்கம், வலது பக்கம்’ என்று வக்கீல் பாடிக்கொண்டிருந்தாள். பெரியவள் ஊதிப்போன மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் மண் இடித்தாள். மூத்தவர் மறுபடியும் ஊற்றினார். பெட்டியை உடைத்ததும் சின்னவள் தகட்டைத் தொடுவதற்குமுன் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணில் நீர் தளும்பியதால் சரியாகத் தெரியவில்லை. வக்கீல்தான் தீர்ப்பு வழங்கினாள்: “வலது பக்கம்!”

வெயில் தாழ்ந்த நேரத்தில் மறுபடியும் இல்லத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை மேசை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் படகுக்காரர். மற்ற மூன்று தகடுகளை அவரவர் கதவிலும், கையை அவர் அறைக் கதவிலும் திருகிப் பொருத்தினார்கள். நடைபாதையின் ஆரம்பத்திலிருந்து அவரைத் தனியாக நடக்கவிட்டார் பொறுப்பாளர் அம்மா.

அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். முதல் கதவில் சூரியன், “நீ இல்லை.” அடுத்ததில் ஒன்றுமில்லை. அடுத்ததில் கெட்டில், “டீ அப்புறம் குடிக்கிறேன்.” பக்கத்துக் கதவில் கையை வைத்தார். ஐந்து விரலும் உள்ளே இறங்கின. அப்படியே நின்றார். வீடு வந்து சேர்ந்த படகு கரையில் தட்டி நிற்பதுபோல் ஒரு நிற்பு.

கதவு அந்த அழுத்தத்திலேயே திறந்துகொண்டது.

“என் கட்டில்” என்றார் உள்ளே பார்க்காமலே.

பொறுப்பாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மத்த கதவுக்கும் ஆரம்பிச்சுடுங்க” என்றார்.

“அந்தப் பழைய தகடு எங்க?” என்று உள்ளேயிருந்து படகுக்காரர் கேட்டார். “அதை உருக்கிடாதே பொண்ணே. கட்டில் பக்கத்துல வச்சுக்கறேன். சாமிகிட்ட பேசும்போது கையை வைக்க ஒரு இடம் வேணும்.”

திரும்பும்போது நடைபாதையின் கோடியில் ஒரு கதவு சின்னவளின் கண்ணில் பட்டது. “அந்த ரூமுக்கு என்ன வடிவம்?” என்று கேட்டாள்.

“அவங்க இன்னும் சொல்லல. வந்ததிலிருந்து யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசினதில்லை. பேர்கூட நாங்களா வச்சதுதான்.”

பொறுப்பாளர் அம்மா முன்னால் போய்விட்டார். சின்னவள் இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தது. அந்த இடுக்கிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு, காற்றில் ஏதோ வடிவத்தை வரைந்தது. வளைந்து, இறங்கி, சட்டென்று நின்றது. சின்னவள் ஓரடி எடுத்து வைப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது.

என்ன வடிவம் அது? பறவையா? எழுத்தா? வழியெல்லாம் தன் விரலால் காற்றில் அதை வரைந்து பார்த்துக்கொண்டே வந்தாள். பிடிபடவில்லை.

வீட்டில் மூத்தவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். “வண்டி அனுப்ப வேண்டாங்க. இல்ல, இல்ல, விலை பிரச்சினை இல்ல. மெஷினுக்கு இங்க வேலை இருக்கு.”

பெரியவள் குளித்துவிட்டு வந்து, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விளக்கின் முன் கண்ணை மூடினாள். கண்ணை மூடியதும் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வக்கீல் எழுப்பவில்லை, அசையாமல் தோளைக் கொடுத்தாள்.

சின்னவள் பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

பட்டறையில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஒரே நாளில் இரண்டு தடவை ஊற்றியதில் மண்ணெல்லாம் கருகிக் கட்டிகட்டியாகக் கிடந்தது. அதை உடைத்துச் சலித்துப் பதமாக்கி வைத்தால்தான் நாளைக்கு வேலை. அதைப் பெரியவள் விடிவதற்குமுன் எழுந்து செய்வாள். அவளிடம் யாரும் ஒப்படைத்த வேலையல்ல. யாரும் கேட்காததால் அவளுடையதாகிப் போனது.

சின்னவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கட்டிகளைக் கையால் நொறுக்கினாள். சல்லடையை ஆட்டினாள். சிதறிக் கிடந்த அலுமினியத் துளிகளைப் பொறுக்கித் தனியே வைத்தாள். சலிக்கச் சலிக்கத் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. இதையா இந்த மணிக்கட்டோடு தினமும் செய்கிறாள்? தண்ணீர் தெளித்துப் புரட்டினாள். மறுபடி தெளித்து மறுபடி புரட்டினாள். சல்லடையைத் தட்டிச் சுத்தம் செய்து, அது மாட்டியிருந்த ஆணியிலேயே, மாட்டியிருந்த பக்கமாகவே மாட்டினாள். தரையில் தன் கால் தடங்களைத் துடைப்பத்தால் கூட்டினாள்.

கடைசியாகப் பதம் பார்க்க ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கி, விரல்களைத் திறந்தாள். அவளுடைய விரல்கள் ஒன்றுவிடாமல் அதில் பதிந்திருந்தன. நடுவில் உடைத்தாள்; உதிராமல் இரண்டாகச் சுத்தமாக முறிந்தது. பதம் சரி.

அந்த இரண்டு துண்டுகளையும் உள்ளங்கைகளால் தேய்த்து, யாருடைய கையும் தெரியாதபடி குவியலோடு கலந்துவிட்டு, ஈரச் சாக்கை இழுத்து மூடினாள்.